இரண்டு கரைக்கு ஒரு வண்டி

"உங்கப்பாகிட்ட சொல்லு, அந்தப் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி இந்த வீட்டுல இன்னொரு மனுஷியும் இருக்கான்னு."

அம்மா இதைச் சொன்னபோது அப்பா சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே ஒரு துடைப்பம் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. செல்போனில் ரிசார்ட் அறைக்குப் பணம் கட்டும் பட்டனுக்கு மேலே அவருடைய கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

நான் அப்பா பக்கம் திரும்பினேன். "அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேன்னு சொல்றாங்கப்பா."

"காது கேக்குது எனக்கு," என்றார் அப்பா. "உங்கம்மாகிட்ட சொல்லு, போன தடவை கேட்டதுக்கு வந்த பதிலே இன்னும் ஓஞ்சபாடில்ல."

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "கேக்கறதாத்தான் இருந்தாராம்."

எங்கள் வீட்டில் எனக்கு இதுதான் உத்தியோகம். அவர்கள் இருவரும் நேராகப் பேசிக்கொள்வது எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு நாள் கவனித்தபோது எல்லாப் பேச்சும் என் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. முள்ளை எடுத்துவிட்டுத்தான் பரிமாறுவேன். "குழம்புல உப்பு மூட்டையையே கொட்டிட்டாளான்னு கேளு" என்று என்னிடம் வருவது, "அப்பாவுக்கு இன்னிக்குத் தாகமா இருக்காம்" என்று அம்மாவிடம் போய்ச் சேரும். அம்மா ஒரு சொம்பு தண்ணீர் வைப்பாள். அப்பா அதை முறைப்பார். அத்தோடு முடிந்துவிடும்.

சண்டை போட்டால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும். சண்டை போட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டுமே.

என் தோழி வீட்டிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் பேச்சு நின்றது. பிறகு அலமாரியில் ஒரு பக்கம் காலியானது. இப்போது அவளுக்கு இரண்டு வீடு, இரண்டு தலையணை, பல் தேய்க்க இரண்டு பிரஷ். "ஜாலிதான்டி, ரெண்டு இடத்துலயும் கொஞ்சறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் பார்த்தாள். எனக்கு ஒரு பிரஷ் போதும். அதைக் காப்பாற்றுவதற்காகத்தான் இத்தனை பாடும்.

அதனால்தான், "இந்த லீவுல மூணு பேரும் கடலுக்குப் போயிட்டு வரலாம்" என்று அம்மா திடீரென்று சொன்னபோதும், அப்பா அதற்கு "ம்" என்றபோதும், நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குதித்தேன்.

எந்தக் கடல் என்பதில்தான் வந்தது வினை.

அப்பா பார்த்து வைத்திருந்தது ஒரு பெரிய ரிசார்ட். கடலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கடல் கட்டி வைத்திருந்தார்கள். மோட்டாரைப் போட்டால் அலை வரும், அணைத்தால் நிற்கும். மணலைத் தினமும் சலிப்பார்களாம். பொழுது விடிந்ததிலிருந்து பாட்டு, சோப்பு நுரையில் ஆட்டம். நண்டு வேஷம் போட்ட ஒருவர் வந்து எல்லோருக்கும் கைகொடுப்பாராம்.

அம்மா கேட்டது ஆளில்லாத கரை. அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன்மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள். அங்கே கூட வேலை பார்ப்பவர் சொன்ன இடம் அது. கடை இல்லை, குடை இல்லை. பழைய ஓட்டு வீடு ஒன்று வாடகைக்குக் கிடைக்கும். அலையைத் தவிர வேறு சத்தமே இருக்காது.

"உங்கப்பாவுக்கு நாலு பக்கமும் ஸ்பீக்கர் அலறணும். அப்பத்தானே வாயத் திறக்க வேண்டியதில்ல," என்றாள் அம்மா.

நான் இதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போவதற்குள் சுத்தம் செய்துவிட்டேன். "அம்மாவுக்கு ரிசார்ட் ஓகேதானாம்பா. சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லதாம்."

அப்பா நம்பாமல் பார்த்தார். "உங்கம்மா தேடுற அமைதி சுடுகாட்டுல ஓசியிலயே கிடைக்கும்னு சொல்லு."

சமையலறைக்குத் திரும்பினேன். "அந்த மாதிரி அமைதியெல்லாம் நமக்கு எங்கம்மா கிடைக்கப்போகுதுன்னு ஏங்கறாரு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரா?"

"அவருதான்."

அன்றைக்கே அப்பா ரிசார்ட்டில், கொஞ்சம் ஒதுக்குப்புறமான கட்டடமாகப் பார்த்து அறை போட்டுவிட்டார். அம்மாவும் மனசு இளகி, ஓட்டு வீட்டுக்காரருக்கு முன்பணம் அனுப்பிவிட்டாள். இரண்டும் ஒரே சனிக்கிழமைக்கு. சாயங்காலம் இரண்டு போனும் அடுத்தடுத்து மணியடித்தன. இருவரும் அவரவர் போனைப் படித்துவிட்டு, அடுத்தவர் போனை எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அப்பா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். சுவரில் இருக்கும் எழுத்துகளை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பிக்கும் வாடிக்கையாளரை எப்படிப் பார்ப்பாரோ அப்படி என்னைப் பார்த்தார்.

"நீ உள்ள போய்ப் படி," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். இருவரும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் இல்லாமல், நேராகப் பேசினார்கள். நான் படிப்பதை விட்டுவிட்டுக் கதவருகே வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தல் இல்லை. பாத்திரம் உருளவில்லை. தணிந்த குரலில், வேலை விஷயம் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாலு பேர் இருக்கற இடமாப் பாத்தாத்தான் நல்லது," என்றார் அப்பா.

"நாலு பேர் எதுக்கு? நாம மூணு பேர் போதும்," என்றாள் அம்மா.

நாம மூணு பேர். அந்த வார்த்தையை மட்டும் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்ப் படுத்தேன். குட்டையைக் குழப்பினாலும் மீன் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் இடம் முடிவாகவில்லை. அப்பா ரிசார்ட்டை விடவில்லை, அம்மா கரையை விடவில்லை. இரண்டையும் யாரும் ரத்து செய்யாத நிலையில் சனிக்கிழமை காலை ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. டிரைவர் நல்ல பருமன். பேச ஆள் கிடைக்காமல் காய்ந்து கிடந்தவர் என்பது கதவைத் திறந்துவிட்டபோதே தெரிந்தது.

"முதல்ல எங்க சார்?"

"ரிசார்ட்," என்றார் அப்பா.

"கரை," என்றாள் அம்மா.

இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன. டிரைவர் கண்ணாடி வழியாக இருவரையும் பார்த்தார். "ரெண்டு கரைக்கு ஒரு வண்டிதான் மேடம் இருக்கு. ரெண்டாப் பிச்சுக் குடுக்க முடியாது. பாப்பா, நீ சொல்லு."

பின்சீட்டில் எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் பைகள். முன்சீட்டில் அப்பாவின் பிடரி மட்டும் தெரிந்தது. அம்மாவின் கை என் முழங்காலில் இருந்தது. அதனால் "கரைக்கே போலாம்ணே" என்றேன். அப்பாவின் பிடரி சிவந்தது.

"நல்லது," என்றார் டிரைவர். "அங்க போறவங்க யாரும் ரொம்ப நேரம் இருக்கறதில்ல. எனக்கும் சவாரி சீக்கிரம் முடியும்."

கரை அம்மா சொன்னபடியே இருந்தது. ஒரு ஆள் இல்லை. மணலில் எங்களுக்கு முன்னால் போன ஒரு நாயின் கால்தடம் மட்டும் இருந்தது. கடல் தன்பாட்டுக்கு வந்து, தன்பாட்டுக்குப் போனது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் மணலைத் தட்டினாள்.

"வா, இப்படி உக்காரு."

உட்கார்ந்தேன். அம்மா என் தலைமுடியைக் கோதினாள். எவ்வளவோ நாளாக அவள் அப்படிச் செய்ததில்லை. அப்பா எங்களுக்கு எதிரே நின்றுகொண்டு கண்ணாடியைத் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"இங்க ஒரு டீக்கடைகூட இல்ல," என்றார்.

"பிளாஸ்க்ல இருக்கு," என்றாள் அம்மா.

"ஏதாவது ஒண்ணுன்னா கூப்பிட ஆள் இல்ல."

"என்ன ஆகப்போகுது? கடல் இருக்கு, நாம இருக்கோம். உக்காருங்களேன்."

அப்பா உட்காரவில்லை. சுற்றிலும் பார்த்தார். ஆளில்லாத இடத்தில் அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. "வேணாம்," என்றார். "இங்க வேணாம். ரொம்பச் சும்மா கிடக்கு இந்த இடம். இங்க ஒரு வார்த்தை சொன்னா அது அப்படியே நிக்கும்."

"நிக்கட்டுமே. நின்னாத்தானே புரியும்."

என் தலையில் இருந்த அம்மாவின் கை கோதுவதை நிறுத்திவிட்டது. இதோ ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். மூள்வது நெருப்பு என்று தெரிந்தால் என் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடும்.

"எனக்கு இங்க பிடிக்கலம்மா," என்றேன். "போரடிக்குது. ரிசார்ட்டுக்கே போலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். அடி வாங்கினவள் போலப் பார்த்தாள். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். "சரி. உனக்குப் பிடிச்ச இடமா இருக்கட்டும்," என்றாள். அப்பாவுக்கு உயிர் வந்தது. வண்டிக்குப் போகும்போது அவர் என் தோளில் கைபோட்டுக்கொண்டார். ஒரே காலையில் இருவரும் என்னைத் தொட்டுவிட்டார்கள். செலவு வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ரிசார்ட் வாசலில் ஒரு பெண் எங்கள் மூவர் கையிலும் ஆரஞ்சு நிறப் பட்டை கட்டினாள்.

"ஃபேமிலிதானே சார்?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். பின்னால் வரிசை நின்றது.

"ஆமா, ஃபேமிலிதான்," என்று நான் சொன்னேன். "ஒரே ஃபேமிலி."

உள்ளே போனதும் அதற்குத் தண்டனை கிடைத்தது. நுரைக்குளத்துக்குப் பக்கத்தில் மைக் பிடித்த ஒருவர் ஆரஞ்சுப் பட்டைக்காரர்களாகப் பார்த்து மேடைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். இன்றைய சிறந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். அப்பா தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். நண்டு வேஷக்காரர் கொடுக்கால் பிடித்து இழுத்துவந்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்து "நீ சொல்லு, வரமாட்டோம்னு சொல்லு" என்றாள். முதல் தடவையாக நான் தூது போகவில்லை. கை தட்டினேன்.

இருவரையும் முதுகோடு முதுகாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"மேடம், சாருக்குக் கோபம் வந்தா என்ன பண்ணுவாரு?"

"கண்ணாடியைத் துடைப்பாரு," என்றாள் அம்மா.

அப்பா அந்த நேரம் கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் சிரிப்பில் உருண்டது.

"சார், மேடத்துக்குத் தூக்கம் வரலைன்னா?"

"பாத்திரம் அடுக்குவா."

"எந்தப் பாத்திரம் சார்?"

"ஏற்கெனவே அடுக்கினதை."

விசில் பறந்தது.

"மேடம், சார் கடைசியா உங்களைப் பாராட்டினது என்ன சொல்லி?"

"'பரவாயில்ல'ன்னாரு."

"ஆகா. எதுக்கு மேடம்?"

"எனக்குக் காய்ச்சல்னு சொன்னேன். அதுக்கு."

அதற்குத்தான் சிரிப்பு அதிகம். "சார், மேடத்துக்கு உங்ககிட்டப் பிடிக்காத ஒரே விஷயம்?" என்று கேட்டபோது அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு மைக்கைப் பிடித்து, ஆள் ஆளாகக் கண் பரிசோதிக்கிற அதே பொறுமையான குரலில், "நான் பக்கத்துல இருக்கறது," என்றார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

எங்கள் வீட்டார்தான் ஜெயித்தார்கள். மற்ற ஜோடிகள் பாவம், கணவனுக்குப் பிடித்த நிறம் நீலமா பச்சையா என்று தடுமாறிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு துல்லியமாக ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருப்பவர்களை இந்த மேடை கண்டதில்லை என்று மைக் பிடித்தவர் கண் கலங்கினார். இருவர் மட்டும் தங்குவதற்கு ஒரு கூப்பன் பரிசு. அப்பா அதை வாங்கி அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்காமல் இறங்கி வந்தாள். அப்பா அதை என்னிடம் கொடுத்தார்.

"உங்கம்மாகிட்ட குடு."

"நீயே வச்சுக்கோ," என்றாள் அம்மா.

இருவருக்கான கூப்பனோடு நான் ஒருத்தி நின்றேன். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேடையேறி ஜெயித்தவர்களை யாராவது பிரிக்க முடியுமா?

அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். கேட்காமலே இன்னொன்றும் வாங்கினார். கூட்டத்துக்கு நட்டநடுவில், இந்தப் பக்கம் ஒரு குடும்பமும் அந்தப் பக்கம் ஒரு குடும்பமும் உட்கார்ந்திருந்த இடமாகத் தேடி என்னை உட்கார வைத்தார். அம்மாவும் எதிரே வந்து உட்கார்ந்தாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"படிப்பெல்லாம் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதுப்பா."

"எங்க இருந்தாலும் நல்லாப் படிக்கணும், என்ன?"

"சரிப்பா."

"வந்து..." என்றார். அதற்குள் செயற்கைக் கடலில் மோட்டாரைப் போட்டார்கள். ஸ்பீக்கர் எல்லோரையும் கையைத் தூக்கச் சொன்னது. சுற்றியிருந்த எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஐஸ்கிரீம் முழங்கை வரை வழிந்தது. நண்டு எங்கள் மேஜைமேல் ஏறி ஆடியது.

அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "இங்க எப்படிங்க? மனுஷங்க மனுஷங்களோட பேசற இடமா இது?"

"இதுதான் நல்ல இடம். அக்கம்பக்கம் பாரு, எல்லாரும் சிரிச்சிட்டிருக்காங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். எல்லாரும் சிரிச்சிட்டிருக்காங்க."

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி ஆடுகிறதே என்று எனக்குப் பதறியது. அதே மருந்தை இந்தப் பக்கம் கொடுத்தேன். "அம்மா, நான் சும்மா சொன்னேன். அந்தக் கரைதான் நல்லாருந்துச்சு. அங்கயே போயிடலாமா?"

இப்போது அப்பா அடி வாங்கினவர் போலப் பார்த்தார்.

டிரைவர் வண்டியில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதும், "தெரியும் எனக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு சாவியைத் திருகினார்.

பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார். ஐஸ்கிரீம் வழிந்த கை இன்னும் பிசுபிசுத்தது. நான் இறங்கி பெட்ரோல் பங்க் கழிப்பறைக்குப் போனேன். முகம் கழுவிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகிவிட்டுத் திரும்பி வந்தபோது, வண்டிக்குள் அப்பாவும் அம்மாவும் இல்லை. தூரத்தில், டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா ரிசார்ட் இருந்த திசையில் கை நீட்டினார். அம்மா கரை இருந்த திசையில் கை நீட்டினாள். இருவருக்கும் நடுவே காற்றடிக்கிற பையன் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் குனிந்தபடியே நின்றான்.

நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வர்றதுக்கு முன்னாடி வண்டிக்குள்ள ஏதாவது பேசினாங்களாண்ணே?"

"பேசினாங்க. பேசினாங்க. எனக்குக் காது இருக்கறதையே மறந்துட்டுப் பேசினாங்க."

"என்ன பேசினாங்க? பயப்படாமச் சொல்லுங்க. எங்க வீட்டுல எப்பவுமே இப்படித்தான். இவங்க சொல்றத அவங்ககிட்ட எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். என்ன சொன்னாங்கன்னு மட்டும் அப்படியே சொல்லிடுங்க, மிச்சத்த நான் சரி பண்ணிடுவேன்."

டிரைவர் தாளம் போடுவதை நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். எந்த வார்த்தையை எடுப்பது, எந்த வார்த்தையை விடுவது என்று யோசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"ரெண்டு பேரும் பிரியப்போறத உன்கிட்ட கரையில வச்சுச் சொன்னா நீ அழுவியேன்னு சார் பயப்படுறாரு, ரிசார்ட்டுல வச்சுச் சொன்னா உன்னால அழக்கூட முடியாதேன்னு மேடம் பயப்படுறாங்க," என்றார். "நீயே ஒரு எடத்தச் சொல்லிடு பாப்பா, வண்டியத் திருப்பணும்."